அப்பாவின் ஆர்.டபிள்யூ டிஸ்க்

அருப்புக்கோட்டையில் அப்பா வைத்திருந்தது பாட்டுப் பதிவு செய்து தரும் கடை. வெற்றுக் கேசட்டையும், நோட்டில் கிழித்த தாளில் பாட்டு வரிசையையும் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். 2003 வாக்கில் கேசட் வியாபாரம் படுத்துவிட்டது. அப்பா கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும் சி.டி. ரைட்டரும் போட்டார். விலைக்கு இருந்த வெற்று டிஸ்க்குகளோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆர்.டபிள்யூ டிஸ்க் தனியாக இருக்கும். மற்ற டிஸ்க்குகளின் அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ மின்னும். இது மட்டும் கருஞ்சாம்பல். வரிசை சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் இதில் எழுதிக் கேட்டுப் பார்த்து, அழித்துவிட்டு, அப்புறம்தான் நல்ல டிஸ்க்கில் எழுதுவார். ஒரு டிஸ்க் வீணாய்ப் போனால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது.

அந்த டிஸ்க் கடையில் இருந்த பழைய பிளேயரில் பாடாது, கம்ப்யூட்டரில் மட்டும் பாடும். ஒருநாள் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டார்: “ஏன்டா, இதை மட்டும் எப்படி அழிச்சு அழிச்சு எழுத முடியுது? அழிக்கிறப்ப உள்ள என்னதான் நடக்கும்?” எனக்குப் பத்து வயது. கேசட்டில் இருப்பது காந்தம் என்று படித்திருந்ததால் இதுவும் காந்தம்தான் என்று சொல்லிவைத்தேன். அப்பா நம்பிவிட்டார். நான் சொன்னது தப்பு என்று தெரியவந்தபோது கடையே இல்லை. அங்கே இப்போது செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும்.

இப்போது ஜப்பானில், டோக்கியோவுக்கு வடகிழக்கே ட்சுகுபா என்ற ஊரில், இருட்டறை ஒன்றில் லேசரோடு உட்கார்ந்திருக்கிறேன். செய்கிற வேலை கிட்டத்தட்ட அப்பா கேட்ட கேள்விதான்.

அந்தச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த மெல்லிய உலோகக் கலவைப் படலம். அதன் உறவுக்காரக் கலவையில் ஜெர்மேனியம், ஆண்டிமனி, டெல்லூரியம் 2:2:5 என்ற கணக்கில் இருக்கும். எங்கள் துறையில் ஜி.எஸ்.டி. என்போம் (வரி இல்லை, ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேலி ஓடும்). ஆண்டிமனி நமக்குப் பழைய சரக்கு. கண்ணுக்கு மை தீட்டப் பயன்பட்ட அஞ்சனக்கல் ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்த கனிமம்தான். இந்தப் படலத்துக்கு இரண்டு முகம். அணுக்கள் வரிசையாக நின்றால் படிகம், பளபளப்பு கூடும். வரிசை கலைந்தால் கண்ணாடி போன்ற நிலை, மங்கல். எழுதும்போது டிரைவின் லேசர் ஒரு புள்ளியைச் சட்டென்று உருக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. உருகியது வரிசைக்கு வருவதற்குள் உறைந்துபோய் மங்கல் புள்ளியாகிறது. அழிக்கும்போது லேசர் உருக்காத அளவுக்கு இதமாகச் சுடுகிறது. அணுக்களுக்கு நகர நேரம் கிடைத்து மறுபடி வரிசைக்கு வருகின்றன. பளபளப்பான நிலையிலும் இந்தப் படலம் சாதா சி.டி. அளவுக்கு ஒளியைத் திருப்பாது. கடைப் பிளேயருக்கு அது போதவில்லை. பிளேயரில் பழுது இருந்ததாக நினைத்து அப்பா இரண்டு தடவை அதன் லென்ஸைத் துடைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

இந்தப் பொருட்களுக்கெல்லாம் மூத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி. கல்லூரி வாசலை மிதிக்காதவர், லேத் பட்டறையில் தொழில் தொடங்கியவர். கண்ணாடி நிலையில் உள்ள கலவைகளை மின்சாரத்தால் முன்னும் பின்னும் மாற்றலாம் என்று 1968-இல் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்ற இயற்பியல் ஆய்விதழில் எழுதினார். அப்பாவிடம் இந்தத் துறையைப் பற்றிச் சொன்னவற்றில் அவருக்குப் பிடித்தது இது ஒன்றுதான். “லேத்காரனா!” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

டிஸ்க்கிலோ மெமரி சிப்பிலோ இந்த மாற்றம் நடக்க நானோ நொடிகள் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆகும். முழுக்க வெப்பத்தின் வேலை. எங்கள் துறையில் கேட்கிற கேள்வி வேறு. லேசர் துடிப்பு வெறும் 30 ஃபெம்டோ நொடிதான் நீடித்தால் என்ன ஆகும்? ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, அதில் ஒரு பங்கை மறுபடி கோடியால் வகுத்தால் பத்து ஃபெம்டோ நொடி. அதைப் போல மூன்று மடங்கு. அந்த நேரத்தில் ஒளியே 9 மைக்ரோமீட்டர்தான் போகும், தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. ஒரு அணு ஒருமுறை ஆடி முடிக்க ஆகும் நேரத்தைவிட இது சிறியது. வெப்பம் என்பது அணுக்களின் தாறுமாறான ஆட்டம் என்றால், ஆட்டம் தாறுமாறாவதற்கு முன்பே துடிப்பு முடிந்துபோகிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது?

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஒரு தறி தனியாக ஓடினால் டக்கு டக்கு என்று எண்ணிவிடலாம். நாற்பது தறி ஓடினால் இரைச்சல்தான், எதன் அடி எது என்று காது பிரிக்காது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு அடிக்கிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் படிகமும் அப்படித்தான். ஆண்டிமனியில் அணுக்கள் ஒரு வகையில் நொடிக்கு 4.5 லட்சம் கோடி தடவை, அதாவது 4.5 டெராஹெர்ட்ஸில், ஆடுகின்றன. ஆனால் காலம் ஒத்து ஆடுவதில்லை. நாற்பது தறியையும் ஒரே கணத்தில் யாராவது தட்டிவிட்டிருந்தால்? எங்கள் தெருவில் அப்படி நடந்ததே இல்லை. நடந்திருந்தால் முதல் சில அடிகள் தெருவே அதிர ஒன்றாக விழுந்திருக்கும். அப்புறம் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், கொஞ்ச நேரத்தில் பழைய இரைச்சல். ஃபெம்டோ நொடித் துடிப்பு செய்வது அந்தத் தட்டிவிடுதலைத்தான். ஓரிரு பிக்கோ நொடிகளுக்கு (ஒரு பிக்கோ நொடி ஆயிரம் ஃபெம்டோ நொடி) அணுக்கள் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. ஒத்திசைந்த ஃபோனான் என்று பெயர்.

லேசர் நேராக அணுவைத் தள்ளுகிறது என்று நானும் முதலில் நினைத்தேன். அது தொடுவது எலெக்ட்ரான்களை. ஜெர்மேனியம் டெல்லூரைடை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று குட்டைப் பிணைப்பு, மூன்று நெட்டைப் பிணைப்பு. குட்டை சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்), நெட்டை 3.15-க்கு அருகில். இந்த ஒருபக்கச் சாய்வைப் பிடித்து வைத்திருப்பவை எலெக்ட்ரான்கள். ஒளி அவற்றில் கொஞ்சத்தைக் கிளப்பிவிட்டதும் பிடி தளர்கிறது, அணு அமைதியாக இருக்கவேண்டிய இடமே மாறிவிடுகிறது. பிள்ளை தூங்கும் தூளியை ஆட்டாமல், தூளி கட்டிய உத்தரத்தை நகர்த்திவிட்டால் எப்படியோ அப்படி. தூளி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது அது நடு இல்லை. ஆடியே ஆகவேண்டும். பிஸ்மத், ஆண்டிமனி, டெல்லூரியம் மூன்றிலும் இதைப் பார்த்து 1990-களின் தொடக்கத்தில் இந்த விளக்கத்தைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர்.

இதை அளக்கும் விதம் பார்க்க அற்பமாக இருக்கும். ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறோம். வலுவானது பம்ப், அது தட்டிவிடும். மெலிதானது ப்ரோப், அது பின்னால் வந்து படலத்தில் பட்டுத் திரும்பும். ப்ரோபின் பாதையில் ஒளியைத் திருப்பும் ஒரு நகரும் கண்ணாடி. கண்ணாடியை 1 மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் ஒளி போகவும் வரவும் 2 மைக்ரோமீட்டர் கூடுதல் தூரம், அதாவது 6.7 ஃபெம்டோ நொடித் தாமதம். கண்ணாடியை 33 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் ஆண்டிமனி அணு ஒரு முழு ஆட்டம் ஆடி முடிக்கும் கதை திரையில் வந்துவிடும். நேரத்தை அளக்க எங்களிடம் கடிகாரம் இல்லை, ஸ்கேல்தான் இருக்கிறது. திரும்பும் ஒளியில் வரும் மாற்றம் பத்தாயிரத்தில் ஒன்று, சில சமயம் லட்சத்தில் ஒன்று. ஏ.சி. ஓடி நிற்பதெல்லாம் வரைபடத்தில் மேடு பள்ளமாக வரும். ட்சுகுபாவில் நிலம் அடிக்கடி லேசாக ஆடும். மேசை காற்றில் மிதக்கிற மேசைதான், ஆனாலும் ஒரு நல்ல ஆட்டம் வந்து போனால் அன்றைய அலைன்மென்ட் போச்சு. அணுவின் நடுக்கத்தை அளக்க வந்து பூமியின் நடுக்கத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இனி நான் அசடு வழிந்த கதை.

வந்த முதல் வருஷம். கண்ணாடித் துண்டின் மேல் பூசிய ஜி.எஸ்.டி. படலம், கண்ணாடி நிலையில். முன்பு சிலிக்கான் மேல் பூசிய மாதிரிகளில் அளந்துகொண்டிருந்தோம். ஊடுருவிப் போகும் ஒளியையும் அளக்கலாமே என்று கண்ணாடிக்கு மாற்றியது என் யோசனை. பம்பின் சக்தியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 20 மில்லிவாட்டுக்கு அருகில் வந்ததும் ஆட்டத்தின் வேகம் குறைந்து, கலங்கலாக இருந்த அலை தெளிவானது. எந்த வேகத்தில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடத்தில், கண்ணாடி நிலையில் தெரியும் அகலமான பட்டை சுருங்கி, படிகத்தில் தெரியும் கூர்மையான முனை எழுந்தது. வெப்பமே இல்லாமல், ஒளியால் மட்டும், அணுக்கள் வரிசைக்கு வந்துவிட்டன! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வாரம் அதே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தேன். கட்டுரைக்கு முதல் பத்திகூட எழுதிவைத்தேன். இப்போதும் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன், அகந்தை தலைக்கேறும்போது படிக்க.

குழுக் கூட்டத்துக்கு முதல்நாள் மூத்த மாணவர் ஒருவர் வரைபடங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தார். மங்கலான படலத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பளபளப்பான வட்டங்கள், ஒவ்வொன்றும் நான் அளந்த இடம். “யகெத்தெரு,” என்றார். வெந்துவிட்டது என்று அர்த்தம். மீனுக்கும் ரொட்டிக்கும் சொல்கிற வார்த்தை.

கணக்கு அரைத்தாளில் முடிந்துவிட்டது. எங்கள் லேசர் நொடிக்கு 8 கோடி துடிப்பு விடும். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவே 12.5 நானோ நொடி. ஒவ்வொரு துடிப்பும் துளிச் சூடுதான் தரும், ஆனால் அந்தச் சூடு வடிந்துபோக வழி வேண்டும். சிலிக்கான் வெப்பத்தைக் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். அதே 20 மில்லிவாட் சிலிக்கான் மேல் விழுந்தால் நிரந்தரமாக ஏறும் சூடு ஓரிரு டிகிரி, கண்ணாடி மேல் இருநூறு டிகிரிக்கும் மேல். ஜி.எஸ்.டி. படிகமாவதற்கு 150 டிகிரி சுற்றிப் போதும். நான் ஃபெம்டோ நொடி இயற்பியல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவின் சி.டி. ரைட்டர் செய்த வேலையை, ஒரு மேசை முழுக்கக் கருவி வைத்து, இன்னும் மோசமாகச் செய்திருக்கிறேன். அழித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து “வெப்பமில்லாத மாற்றம்” என்ற வார்த்தையைக் கட்டுரைகளில் பார்த்தால் முதலில் மாதிரி எதன் மேல் பூசியது, துடிப்பு நொடிக்கு எத்தனை என்றுதான் தேடுவேன். வலுவான பம்பில் ஆட்டம் மெதுவாவது உண்மையிலேயே நடப்பதுதான். டெல்லூரியத்தில் அதை 1995-லேயே காட்டிவிட்டார்கள். எலெக்ட்ரான்கள் நிறையக் கிளம்பினால் பிணைப்பு இளகும், இளகிய கம்பி தாழ்ந்த சுருதியில் ஆடும். ஆனால் அது திரும்பி வரவேண்டும். இப்போது ஒவ்வொரு வலுவான அளவீட்டுக்குப் பிறகும் பம்பைக் கால் பங்காகக் குறைத்து, அதே புள்ளியில் மறுபடி அளக்கிறேன். பழைய வேகம் வந்தால் இளகியிருந்தது. வராவிட்டால் வெந்துபோயிற்று.

அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. அதை நான் நேசிக்கிறேன் என்றே சொல்லலாம். பம்பையும் இரண்டாக உடைப்பது. ஆட்டம் ஒருமுறை முடிய 270 ஃபெம்டோ நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துடிப்பு 270-இல் வந்தால் ஆட்டத்தோடு சேர்ந்து தட்டும், ஆட்டம் பெருக்கும். 135-இல் வந்தால் எதிர்த்துத் தட்டும், ஆட்டம் அடங்கும். ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி உலக்கை போடும்போது தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதும் இல்லையா, அந்த மாதிரி. இரண்டிலும் உள்ளே போகும் ஆற்றல் ஒன்றுதான். சூடும் ஒன்றுதான். வேறுபடுவது நேரம் மட்டும். எனவே 270-இல் படலம் மாறி, 135-இல் மாறாமல் இருந்தால், மாற்றியது சூடு இல்லை, ஆட்டம் என்று துணிந்து சொல்லலாம். இதே ட்சுகுபாவில் முனெயாகி ஹசே, ஜுன்ஜி தொமினாகா ஆகியோர் இருந்த குழு, ஜெர்மேனியம் டெல்லூரைடும் ஆண்டிமனி டெல்லூரைடும் அடுக்கடுக்காக வைத்த படலத்தில், ஆட்டத்தின் காலத்துக்கு இசைவாக இரட்டைத் துடிப்பு விட்டு, கண்ணாடி நிலையில் இருந்து படிகத்துக்குப் போகும் வாசலையே அசைக்க முடிகிறது என்று 2011-இல் எழுதியது. நான் இந்த ஊருக்கு வரக் காரணம் அந்தக் கட்டுரைதான்.

இதற்கு எதிர்த்தரப்பும் வலுவானது. பெர்லினில் ஃப்ரிட்ஸ் ஹாபர் நிறுவனத்தில் ஜி.எஸ்.டி. மேல் ஃபெம்டோ நொடி லேசரை விட்டு, ஒளியால் மட்டும் பார்க்காமல் எலெக்ட்ரான் கற்றையாலும் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு எங்கள் மாதிரி ஆட்களின் வயிற்றில் புளியைக் கரைப்பது. ஒளியைத் திருப்பும் தன்மை சட்டென்று பெரிதாக மாறுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் அணுக்களின் வரிசை கலையவே இல்லை. அணுக்கள் பிறகு ஆற அமரச் சூடாகின்றன. எலெக்ட்ரான்கள் கிளம்பி வழக்கமான பிணைப்பு குலைந்ததால் நிறம் மாறியிருக்கிறது, கட்டமைப்பு மாறவில்லை. அதாவது, திரும்பி வரும் ஒளியை மட்டும் பார்த்து “படலம் மாறிவிட்டது” என்று சொன்னவர்கள் சாயம் மாறிய சேலையைப் பார்த்து நெசவே மாறிவிட்டது என்றிருக்கிறார்கள்.

நான் எந்தப் பக்கம்? இன்றைய தேதிக்கு, நடுக்கத்தைச் சாட்சியாக நம்புகிறேன், குற்றவாளியாக இல்லை. ஆட்டத்தின் வேகம் படலம் எந்த நிலையில் இருக்கிறது, பிணைப்பு எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லும். நிறம் பொய் சொல்லலாம், ஆட்டத்தின் சுருதி அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. அந்த ஆட்டமே அணுக்களை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் வேறு இடத்தில் உட்கார வைக்கிறது என்பதற்கு எனக்கு இரட்டைத் துடிப்புச் சாட்சியம் இன்னும் வேண்டும், அதுவும் ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப அடிக்காமல். இப்போது துடிப்பைப் பொறுக்கி விடும் கருவி ஒன்று வைத்து வேகத்தைக் குறைத்திருக்கிறேன். சிலிக்கானுக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் மாதிரியை நகர்த்துகிறேன். ஒரு வரைபடத்துக்கு முன்பு இருபது நிமிடம், இப்போது ஒரு ராத்திரி.

இதெல்லாம் வந்தால் போன் ஆயிரம் மடங்கு வேகமாகுமா என்று உறவினர்கள் கேட்பார்கள். பத்திரிகைச் செய்திகளும் அப்படித்தான் எழுதுகின்றன. லேசரே ஒரு கட்டில் அகலம். அதைத் தூக்கி எந்த போனுக்குள் வைப்பது? இந்த வகை நினைவகத்தின் வியாபாரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்டெலும் மைக்ரானும் 2015-இல் ஆரவாரமாக அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட் என்ற நினைவகத்தை 2022-இல் இன்டெல் மூட்டை கட்டிவிட்டது. நான் பார்ப்பது ஒரு பொருள் மாறத் தொடங்கும் முதல் பிக்கோ நொடியை. அது எதற்கு உதவும் என்று கேட்டால், மாறுவதற்கு முன் பிணைப்புகளில் எது முதலில் கைவிடுகிறது என்று தெரிந்தால் கலவையில் எந்தத் தனிமத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் அந்தச் சாம்பல் டிஸ்க் கிடைத்தது. அப்பாவின் கையெழுத்தில் “செக்” என்று மார்க்கரில் எழுதியிருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சி.டி. டிரைவின் லேசர் 780 நானோமீட்டர், எங்களுடையது 800. கிட்டத்தட்ட ஒரே நிறம், இந்தப் படலம் அந்த நிறத்துக்கென்றே அடுக்கப்பட்டது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் இல்லாத நேரம் பார்த்து, டிஸ்க்கை உடைக்காமல் முழுசாக மாதிரி இருக்கும் இடத்தில் கிளிப் போட்டு நிறுத்தினேன். ஒளி டிஸ்க்கின் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைக் கடந்து போகவேண்டும், துடிப்பு கொஞ்சம் அகலும், பரவாயில்லை. பம்பை மிகக் குறைவாக வைத்தேன். ஒரு புள்ளிகூட வேகக் கூடாது என்று எந்த மாதிரிக்கும் இவ்வளவு பயந்ததில்லை.

நாற்பது நிமிடம் சராசரி எடுத்த பிறகு இரைச்சலுக்குள் இருந்து அலை எழுந்தது. ஏழெட்டு ஏற்ற இறக்கம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னது, அப்புறம் தட்டையான கோடு. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பி, “இது நம்ம கடை ஆர்.டபிள்யூ டிஸ்க்குப்பா. உள்ள அணு ஆடுறது” என்று எழுதினேன். அன்றைக்குக் காந்தம் என்று சொன்னது தப்பு என்றும் சேர்த்தேன்.

ஊரில் மத்தியானம். இரண்டு நீலக் குறி விழுந்து வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது.

“ஆடுறது தெரியுதுய்யா. எந்தப் பாட்டுக்கு ஆடுது?”